இரண்டு கறுப்பு மூடிகள்

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, பால்கரன் முனை அணுமின் நிலையத்தின் கரி அறையில் இருந்தவர்கள்:

இவோர் ஹால்டேன், துணை மேலாளர். கையில் கையெழுத்தில்லாத ஒரு படிவம்.
டாக்டர் ஆதர்ஸ்லி, இங்கிலாந்திலிருந்து வந்த கிராஃபைட் நிபுணர்.
வாட்டி டான்னக், உலைமேடையில் துளைவெட்டி ஓட்டுபவர், ஐம்பத்தெட்டு வயது.
செங்கா பர்டி, கதிர்வீச்சுக் கண்காணிப்பாளர்.
லாக்லன் மீக், கரி அறை ஊழியர். அது நான்.

வருகைப் பதிவேட்டில் இந்த வரிசையில்தான் இருக்கிறது. ஐந்து பேரும் கூடியது ஒரு தகர டப்பாவைத் திறப்பதற்கு. டப்பாவுக்குள் இருந்தது யாருக்கும் வேண்டாத இரண்டு கரித்துண்டு. வழக்கமாகக் குப்பைக்குப் போவது.

எங்கள் உலை கரிச் செங்கல்லால் ஆனது. பென்சிலுக்குள் இருக்கிற அதே கரிதான், கிராஃபைட். ஒவ்வொரு செங்கல்லும் என் இடுப்பு உயரம் வரும், நடுவில் அகலமான ஓட்டை. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் ஓட்டைகள் சேர்ந்து ஆழமான கிணறு போல ஆகும். அதைச் சேனல் என்போம். அதற்குள் எரிபொருள் தொங்கும், சூட்டை எடுத்துக்கொண்டு கரியமில வாயு ஓடும். அந்த வாயுதான் பிரச்சினை. கதிர்வீச்சில் அது உடைந்து, உடைந்தது கரியைத் தின்னும். தீயும் புகையும் இருக்காது. வெளியே செங்கல் அதே அளவில் நிற்கும், உள்ளே ரஸ்க் மாதிரி ஆகிக்கொண்டே வரும். செங்கல்லை மாற்ற வழி கிடையாது. கரி தீரும் நாள்தான் உலை தீரும் நாள்.

தின்பதைத் தடுக்க வாயுவில் கொஞ்சம் மீத்தேன் கலப்போம். கூடினால் எரிபொருள்மேல் புகைக்கரி படியும், குறைந்தால் செங்கல் போகும். சமையலில் உப்புப் போடுவது மாதிரி என்று ஹால்டேன் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்குவார். அவர் வீட்டில் சமைப்பது அவர் மனைவி.

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உலையை நிறுத்தி, சேனலுக்குள் துளைவெட்டியை இறக்கி, செங்கல்லிலிருந்து கட்டைவிரல் தடிமனில் ஒரு உருளை வெட்டி எடுப்போம். வெட்டுவது வாட்டி. உருளை ஒரு குழாயில் வைத்து மூடப்பட்டு என் அறைக்கு வரும். நான் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, கையுறை வழியாகக் கை நுழைத்து, முடி போன்ற கம்பி ரம்பத்தால் ஆறு வில்லையாக அறுத்து எடை போடுவேன். ஒன்றாம் வில்லை துளைப்பக்கம், எரிபொருளைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கம். ஆறாம் வில்லை முதுகுப்பக்கம். பக்கத்துச் செங்கல்லோடு கோக்கும் பள்ளங்கள் முதுகில்தான் இருக்கின்றன. அடுக்கைப் பிடித்து நிறுத்துவது அந்தப் பள்ளங்கள்.

அந்த வருஷம் ஆறு மாதிரிகள் எடுத்தோம். ஐந்தில் துளைப்பக்கத்து எடை இருபது சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே குறைந்திருந்தது, முதுகு பத்து, பதினொன்று. எல்லோரும் எதிர்பார்த்ததுதான். நாலாவது மாதிரியில் துளைப்பக்கம் ஒன்பது, முதுகு இருபத்துமூன்று.

கண்ணாடியில் பார்த்த மாதிரி அப்படியே இடம் மாறிய எண்கள். அதனால் யாரும் செங்கல்லைச் சந்தேகப்படவில்லை. வாட்டியைச் சந்தேகப்பட்டார்கள்.

அன்று காலை ஒன்பது மணிக்கு ஹால்டேன் வாட்டியையும் செங்காவையும் என்னையும் கூப்பிட்டார்.

"உக்காரு வாட்டி."

"நிக்கிறேன். உக்காந்தா எந்திரிக்க முட்டி விடாது."

"அஞ்சு மாதிரி ஒரே கதை சொல்லுது. நாலாவது தலைகீழா சொல்லுது. இதுக்கு என்ன அர்த்தம்?"

"அந்தச் சேனல்ல என்னமோ இருக்குன்னு அர்த்தம்."

"அதைக் குழாய்க்குள்ள யாரோ முனை மாத்திப் போட்டுட்டாங்கன்னு அர்த்தம்."

"யாரோன்னு சொல்லிட்டு ஏன் என்னையே பாக்குறீங்க? ஜன்னலைப் பாத்துச் சொல்லுங்களேன்."

செங்கா சிரிப்பை இருமலாக்கினாள். ஹால்டேன் படிவத்தை மேஜைமேல் நகர்த்தினார். ஒரே வரிதான். 'நாலாம் மாதிரியைக் குழாயில் வைக்கும்போது முனை மாறியிருக்க வாய்ப்பு உண்டு.' கீழே வாட்டியின் பெயர், கோடு. அந்த வரி போதும். மாதிரி செல்லாது என்று ஒதுக்கப்படும், திங்கட்கிழமை உலை ஓடத் தொடங்கும். வாட்டிக்கு உலைமேடை அனுமதி ரத்தாகும். முனை மாற்றியவனைத் திரும்ப மேடையில் ஏற்றக்கூடாது என்பது விதி. அவர் சாமான் அறையில் உட்கார்ந்து கையுறை எடுத்துக் கொடுக்கலாம்.

"நான் சரியாத்தான் போட்டேன்," என்றார் வாட்டி. "துளைப்பக்கத்துக்குச் சிவப்பு மூடி, முதுகுக்குக் கறுப்பு. இருபத்தோரு வருஷமா அப்படித்தான். அன்னிக்குச் சிவப்பு தீந்துபோச்சு. சாமான் அறைல கேட்டா, அடுத்த மாசம் வரும்கிறான். ரெண்டு பக்கமும் கறுப்பு போட்டேன். துளைப்பக்கம் மூடி மேல மஞ்சள் டேப் மூணு சுத்து சுத்தினேன்."

"டேப்." ஹால்டேன் செங்காவைப் பார்த்தார். "உன் கைக்கு வந்தப்போ டேப் இருந்துச்சா?"

"டேப் இருந்தா உரிச்சிருப்பேன்," என்றாள் செங்கா. "எந்த டேப்பும் என்னைத் தாண்டி உள்ள போகாது. பசைல தூசி ஒட்டும், தூசில கதிர்வீச்சு இருக்கும். உரி, துடை, அனுப்பு. ஒரு நாளைக்கு அறுபது சாமான் உரிக்கிறேன். எதுல என்ன கலர் டேப்னு கேட்டா நான் எங்க போவேன், கண்ணு?"

தன் மேலாளரையும் கண்ணு என்று கூப்பிடக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

ஹால்டேன் என் பக்கம் திரும்பினார். "லாக்லன். உன் படிவத்துல 'துளைப்பக்கம் அடையாளம் காணப்பட்டது'ன்னு டிக் பண்ணியிருக்க. எதை வச்சு?"

அந்த டிக்கை நான் பன்னிரண்டு வருஷமாகப் போட்டு வருகிறேன். அதை எதை வைத்துப் போடுகிறாய் என்று யாரும் கேட்டதில்லை.

"மூடியை வச்சு," என்றேன்.

"சிவப்பு மூடி இருந்துச்சா?"

"ஞாபகம் இல்ல."

ஞாபகம் இருந்தது. நன்றாக இருந்தது. ஷிப்டின் கடைசி அரைமணி நேரத்தில் அந்தக் குழாய் வந்தது. இரண்டு மூடியும் கறுப்பு. எடுத்த கையோடு பார்த்தேன். இரண்டையும் பார்த்தேன். மேடைக்கு ஒரு போன் போட்டிருக்க வேண்டும். போட்டால் வாட்டி மூன்று கதவு கடந்து இறங்கி வர வேண்டும், செங்கா திரும்ப உடை மாற்ற வேண்டும், எனக்கு ஆறு மணி பஸ் போய்விடும். வழக்கமாகச் சிவப்பு மூடி இடது பக்கம் வருகிற மாதிரிதான் செங்கா குழாயை நுழைப்பாள். இடது பக்கத்தைத் துளைப்பக்கம் என்று எடுத்துக்கொண்டேன். அறுத்தேன், டிக் போட்டேன், பஸ் பிடித்தேன்.

"மூணு மணி வரைக்கும் டைம்," என்றார் ஹால்டேன் வாட்டியிடம். "மூணு மணிக்கு இந்தப் பேப்பர் அரசாங்க ஆய்வாளர் கைக்குப் போகணும்."

கேன்டீனில் வாட்டி ஆட்டுக்கறி வைத்துச் சுட்ட மாவுப் பண்டம் ஒன்று வாங்கி, தின்னாமல் அதன் மேல்மூடியை மட்டும் பெயர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே கடல் சாம்பல் நிறத்தில் இருந்தது. மழை பக்கவாட்டில் அடித்தது.

"வாங்க புரொபசரே," என்றார்.

இயற்பியல் படிப்பை மூன்றாம் வருஷத்தில் விட்டுவிட்டு இங்கே வந்தவன் நான். சேர்ந்த முதல் நாளே அந்தப் பெயரை வைத்தவர் அவர்தான்.

"கையெழுத்து போடப் போறீங்களா?"

"போட்டா என்ன? இங்க வேலை பாக்குற எண்ணூறு பேருக்குத் திங்கக்கிழமை நல்லபடியா விடியும். நான் ஒருத்தன் கையுறை எண்ணப் போறேன். என் புறாவுங்க சந்தோசப்படும், சாயந்தரம் சீக்கிரம் வீட்டுக்கு வருவேன்."

"நீங்க மாத்திப் போடலையே?"

"போடலடா. என் கண்ணால பாத்து டேப் சுத்தினேன்." பண்டத்தின் மூடியைத் திரும்ப அதன்மேல் வைத்து அழுத்தினார். "ஆனா தம்பி, ராத்திரி ரெண்டு தடவை எந்திரிச்சு யோசிச்சேன். பாத்தேனா, பாத்ததா நெனைக்கிறேனா? இருபத்தோரு வருஷமா அதே வேலை. எல்லா நாளும் ஒரே நாளா ஆயிருச்சு. இன்னும் ரெண்டு தடவை அந்த ஆளு கேட்டா, மாத்தித்தான் போட்டேன்னு எனக்கே தோணிரும்."

நான் எழுந்து போயிருக்கலாம். ஒரு கேள்வி என்னைப் பிடித்து வைத்தது. அது நல்ல மனசினால் வந்த கேள்வி அல்ல. அந்த எண்களைப் பார்த்ததிலிருந்து அது என்னைக் குடைந்துகொண்டிருந்தது. வாட்டி சரியாகப் போட்டு, நானும் குருட்டாம்போக்கில் சரியாக எடுத்திருந்தால்? அப்படியானால் அந்தச் செங்கல்லை வாயு முதுகுப்பக்கமாகத் தின்றிருக்கிறது. ஏன்? எப்படி? இந்தக் கேள்வியைக் கேட்க இந்தக் கட்டிடத்தில் ஒருவருக்கும் இஷ்டமில்லை. வாட்டி கையெழுத்துப் போட்டால் அது என்றைக்கும் கேட்கப்படாது.

"வாட்டி, துளைப்பக்கத்து முனை வளைஞ்சிருக்கும்ல?"

"என்னடா?"

"சேனல் வட்டம். அதோட சுவத்துலேர்ந்துதானே வெட்டுறீங்க. அப்போ அந்த முனை நேரா இருக்க முடியாது. குழிஞ்சிருக்கணும்."

"குழிஞ்சிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. முதுகுப்பக்கத்தைத் துளைவெட்டி சின்ன பிளேடால நேரா அறுத்து எடுக்குது. அதனால ரெண்டும் பாத்தா ஒண்ணாத்தான் இருக்கும்."

அவருடைய பண்டம் சுற்றி வந்த காகிதத்தில் கணக்குப் போட்டேன். சேனலின் பாதி அகலம் பதின்மூன்று சென்டிமீட்டர். உருளை இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. குழிவு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு தபால் அட்டையின் கனம்.

"அது போதும்," என்றேன்.

"எதுக்குப் போதும்? நீதான் அதை அறுத்துத் தூக்கிப் போட்டுட்டியே."

சரிதான். இரண்டு முனைகளிலும் வெட்டின சூட்டில் கரி கெட்டிருக்கும் என்பதால், ரொட்டியின் ஓரத்தை வெட்டுவது மாதிரி ஒரு சீவல் அறுத்து எடுத்துவிடுவது எங்கள் வழக்கம். அந்த ஓரத்துண்டுகளை எடை போடுவதில்லை. மாதிரி எண் எழுதின தகர டப்பாவில் போட்டு, டப்பாவைக் கழிவு டிரம்மில் போடுவேன். டிரம் நிறைந்ததும் சீல் வைத்து எடுத்துப் போவார்கள். அன்று வியாழன். டிரம் வெள்ளிக்கிழமை போகும்.

டிரம்மைத் திறக்க எழுத்து மூலமாகக் காரணம் வேண்டும். என்னிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது.

"டேய், எங்க போற?" என்றார் வாட்டி.

"அதைத் தின்னுங்க, ஆறுது."

டாக்டர் ஆதர்ஸ்லிக்கு ஜன்னலில்லாத ஒரு அறை கொடுத்திருந்தார்கள். ஒல்லியான அம்மா, ஐம்பதைத் தாண்டினவர், கோட்டைக் கழற்றாமலே வேலை செய்வார். நான் நின்றபடியே சொன்னேன். இரண்டு மூடியும் கறுப்பு, கேட்கவில்லை, இடது பக்கம் என்று எடுத்துக்கொண்டேன், டிக் போட்டேன், காலையில் ஞாபகம் இல்லை என்று சொன்னது பொய்.

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"இந்த மாதிரி எத்தனை தடவை?"

"ஒரு தடவை."

"உனக்குத் தெரிஞ்சு ஒரு தடவை."

"ஆமா. எனக்குத் தெரிஞ்சு."

"ஏன் இப்ப வந்து சொல்ற?"

வாட்டிக்காக என்று சொல்லியிருக்கலாம். கேட்கவும் நன்றாக இருந்திருக்கும். "முனை மாறலைன்னா என்ன அர்த்தம்னு தெரிஞ்சுக்கணும்," என்றேன்.

அப்போதுதான் அவர் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "எனக்கும்தான்," என்றார். "மூணு நாளா அந்த நெனைப்புதான். டிரம் எங்க இருக்கு?"

அப்படித்தான் ஐந்து பேரும் இரண்டு மணிக்கு அந்த அறையில் நின்றோம். நான் எழுதிக் கொடுத்ததை ஹால்டேன் இரண்டு தடவை படித்தார். வாட்டி ஒரு தடவை படித்தார்.

"ஆறு மணி பஸ்ஸா?" என்றார்.

"ஆமா."

"அந்தப் பஸ் எந்த நாள்ல ஆறு மணிக்கு வந்திருக்கு, முட்டாப்பயலே!"

செங்கா டப்பாவைத் துடைத்துப் பெட்டிக்குள் நுழைத்தாள். நான் கையுறைப் பக்கம் நகர்ந்தேன்.

"நீ கை வைக்காத," என்றார் டாக்டர். கோட்டைக் கழற்றிச் செங்காவிடம் கொடுத்துவிட்டு, தானே கையுறைகளில் கையை விட்டார். அவர் கைக்கு அவை மிகப் பெரியவை. கரடி பாத்திரம் கழுவுவது போல இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"முதல்ல ஜோடி சேக்கணும். அப்புறம்தான் அளவு. எது குழிவுன்னு தெரிஞ்சுட்டா நம்ம கண்ணு நமக்கு வேண்டியதைப் பாக்கும்."

எங்கள் கரியை அறுத்துப் பார்த்தால் உள்ளே கடுகளவு உருண்டைகள் தெரியும். ஒவ்வொன்றும் வெங்காயத்தை நறுக்கின மாதிரி வட்டத்துக்குள் வட்டம். ரம்பம் போன இடத்தில் உருண்டை இரண்டாகப் பிரிந்திருந்தால், பாதி ஓரத்துண்டிலும் பாதி வில்லையிலும் இருக்கும். உருப்பெருக்கியை ஒன்றாம் வில்லைமேல் வைத்தார். பக்கத்துத் திரையில் வெங்காயங்கள் வந்தன. ஓரத்துண்டு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துத் திருப்பினார். பொருந்தவில்லை. மற்றதை வைத்தார்.

"அங்க," என்றாள் செங்கா. "அந்த மூணு கூட்டா இருக்கு பாருங்க டாக்டரம்மா, நடுவுல ஒண்ணு நசுங்கின மாதிரி."

மூன்று உருண்டைகள், நடுவில் ஒன்று நசுங்கியது. இரண்டு பக்கமும் அதேதான். ஒன்றாம் வில்லையின் ஓரத்துண்டு இது. டாக்டர் அதன்மேல் ஒரு வெள்ளைப் புள்ளி வைக்கச் சொல்லிக்கொண்டே தானே வைத்தார். தாளில் எழுதினோம், ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டோம்.

இனி கேள்வி ஒன்றே ஒன்று. வெள்ளைப் புள்ளித் துண்டு குழிந்திருந்தால் நான் எடுத்த பக்கம் சரி, வாட்டி மாற்றவில்லை, எண்கள் உண்மை. நேராக இருந்தால் முனை மாறியிருக்கிறது. உலை திங்கட்கிழமை ஓடும். மாற்றியது வாட்டியா நானா என்பதை அப்புறம் எங்களுக்குள் அடித்துப் பேசிக்கொள்ளலாம்.

டாக்டர் எஃகு அளவுகோலை விளிம்பு கீழாக அந்தத் துண்டின்மேல் நிறுத்தினார். செங்கா வெளியிலிருந்து டார்ச் அடித்தாள். நாங்கள் குனிந்து பார்த்தோம். அளவுகோலுக்கும் கரிக்கும் நடுவே வெளிச்சம் வரவில்லை. ஒரு இழைகூட வரவில்லை.

"நேராத்தான் இருக்கு." ஹால்டேனின் குரலில் மூன்று நாள் பாரம் இறங்கியது. "பாருங்க, நேரா இருக்கு. முனை மாறியிருக்கு."

அந்த வினாடியில் எனக்கு வந்தது பயமா ஏமாற்றமா என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வாட்டி தலையைச் சாய்த்துக் கண்ணாடி அருகே வந்தார். "டாக்டர், அதைத் திருப்புங்க."

"எப்படி?"

"ஸ்கேலை இல்ல, கரியைத் திருப்புங்க. கடிகார முள்ளு மாதிரி. சேனல் குறுக்கே வட்டம், நெடுக நேர். கிணத்துச் சுவர் மேலேர்ந்து கீழ நேராத்தானே போகுது? நீங்க ஸ்கேலை நெடுக வச்சிருந்தா எந்த ஜென்மத்துலயும் வெளிச்சம் வராது."

டாக்டரின் காது சிவந்தது. பெரிய கையுறை விரலால் துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினார். அளவுகோலுக்கு அடியில் மெல்லிய ஒளி ஒன்று வந்தது. நடுவில் தடித்து, இரண்டு ஓரத்திலும் மறையும் பிறை. இன்னும் திருப்பினால் மங்கியது. திரும்பக் கொண்டு வந்தால் வந்தது.

"அடப்பாவி," என்றாள் செங்கா மெதுவாக.

மற்ற துண்டையும் வைத்துப் பார்த்தார். முழுச் சுற்றும் திருப்பினார். எந்தக் கோணத்திலும் வெளிச்சம் இல்லை. அது பிளேடு அறுத்த முதுகு.

"இன்னொரு தடவை பாக்கலாம்," என்றார் ஹால்டேன்.

பார்த்தோம். மூன்று தடவை பார்த்தோம். மூன்றாவது தடவை ஹால்டேனே டார்ச்சைப் பிடித்தார். பிறை அங்கேயேதான் இருந்தது. அவர் கையிலிருந்த படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். எனக்கு அந்த மனிதர்மேல் அப்போதுதான் கொஞ்சம் மரியாதை வந்தது. கிழித்திருந்தால் வந்திருக்காது.

"அப்போ முதுகுல இருபத்துமூணு," என்றார் டாக்டர், யாரிடமும் இல்லாமல். "முதுகுல. அங்க மீத்தேன் போய்ச் சேரல. ஏன் போய்ச் சேரல? அந்த ஒரு செங்கல்லா, அந்த மூலை முழுக்கவா?"

"உலை?" என்று ஹால்டேன் கேட்டார்.

"திங்கக்கிழமை இல்ல."

"அதுக்கடுத்த திங்கக்கிழமை?"

"பக்கத்துச் சேனல்ல ஒரு மாதிரி எடுக்கணும். அதைப் பாத்துட்டுச் சொல்றேன். ஒருவேளை என்னைக்கும் இல்லன்னுகூடச் சொல்லுவேன்."

வாட்டி சுவரில் சாய்ந்து நின்றார். தான் சரியாகப் போட்டேன் என்பது ருசுவாகிவிட்டது. அவர் முகத்தில் சந்தோஷம் தெரியவில்லை. உலையைத் தானே நிறுத்திவிட்ட மாதிரி தரையைப் பார்த்தார். "பேசாமக் காலைலயே கையெழுத்து போட்டிருக்கலாம்," என்றார்.

"போட்டிருந்தா ஓடுற உலைல அந்த முதுகுப் பள்ளம் விரிசல் விட்டிருக்கும்," என்றேன்.

"அது எனக்கும் தெரியும், புரொபசரே. தெரியாமயா திருப்பச் சொன்னேன்?"

வாட்டியும் செங்காவும் போனபிறகு ஹால்டேன் என்னிடம் கையை நீட்டினார். கரி அறைச் சாவியைக் கொடுத்தேன்.

"நான் எடுத்த பக்கம் சரியாத்தான் இருந்துச்சு," என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

கோட்டை மாட்டிக்கொண்டிருந்த டாக்டர் திரும்பினார். "காசு சுண்டினாலும் பாதி தடவை சரியா வரும். அதுக்குச் சம்பளம் கொடுத்து அறை எதுக்கு?" போகிற போக்கில், கோபம் இல்லாத குரலில் சொன்னார்.

அது நியாயம்.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. உலைமேடைக் கதவில் போட்டார்கள். உள்ளே போகிறவர் பெயர், நேரம், கையில் என்ன கொண்டு போகிறார் என்று எழுதி, துளைவெட்டி சேனலுக்குள் இருக்கும்வரை கதவை வெளியிலிருந்து பூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. பாடம் படித்தவன் வேலையில்லை, நாயைக் கட்டினாலும் நடக்கும். செய்தி ஊருக்குள் போய்விட்டது. கேன்டீன் பெண்மணி என் ரோலில் சாசேஜை ஒன்றாகக் குறைத்தாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. உலையை நிறுத்தியது செங்கல் என்று யாருக்கும் தோன்றவில்லை. வாயைத் திறந்தவன் நிறுத்தினான் என்றுதான் பேச்சு.

அடுத்த வியாழன் காலை பத்தேகால் மணிக்கு வாட்டி வந்தார். வெள்ளை மேலுடை, கையில் பிளாஸ்டிக் பை. பின்னால் செங்கா, அவரைக் கருவியால் மேலும் கீழும் தடவிப் பார்த்துக்கொண்டே.

"பேரு?" என்றேன்.

"உங்கப்பன்."

"வாட்டி."

"டான்னக், வால்டர். எழுது, எழுது. பத்து பதினாறு. இப்ப போட்டியே டிக், அது எதை வச்சுப் போட்ட?"

"மூஞ்சியை வச்சு."

"தேறிட்ட."

"கைல என்ன?"

பையைத் திறந்து காட்டினார். குழாய், ஒரு கறுப்பு மூடி, ஒரு சிவப்பு மூடி. சிவப்பு கொஞ்சம் பளபளவென்று, ஓரத்தில் வழிந்து காய்ந்திருந்தது. நான் செங்காவைப் பார்த்தேன்.

"சாமான் அறைல இன்னும் அடுத்த மாசம்தாங்கிறான்," என்றாள். "என் நகப்பூச்சு. ரெண்டு கோட்டு. துடைச்சுப் பாத்தேன், உரிச்சுப் பாத்தேன், போகல. அதுக்குமேல உள்ள இருக்கிறவன் கண்ணைத் திறந்து பாத்தாப் போதும்."

"இப்ப கரி அறைல யாரு இருக்கா?"

"டாக்டரம்மாதான். ரெண்டு நாளா தங்குற இடத்துக்கே போகல. ஜன்னலில்லாத ரூம்ல தூங்குறாங்களோ என்னமோ."

வாட்டி பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார். என்னைத் தாண்டி ஒரு அடி போய் நின்றார்.

"நீ என்ன நெனைக்கிற?" என்றார். கிண்டல் இல்லை. "ஒரு செங்கல்லா, மூலை முழுக்கவா?"

ஏழு நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். செங்கற்களுக்குப் பின்னால் வாயு போகிற இடுக்கை வரைந்து வரைந்து ஒரு நோட்டு தீர்த்திருந்தேன். மூலையில் வாயு திரும்புகிற இடத்தில் அது தயங்கி நிற்கலாம். நின்றால் மீத்தேன் அங்கேயே தீர்ந்துவிடும். தீர்ந்தபின் மிச்சம் இருக்கிற வாயு தின்னத் தொடங்கும். அப்படியென்றால் மூலை முழுக்க. ஆனால் அந்த ஒரு செங்கல் மட்டும் பிறவியிலேயே சல்லடையாக இருந்திருக்கவும் கூடும். இரண்டும் பொருந்துகிறது. காகிதத்தில் எல்லாமே பொருந்தும்.

"தெரியல," என்றேன்.

"எனக்கும்தான்." அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "ஆனா போய்ப் பாக்கப் போறது நான்."

உள்ளே போனார். மேடைக்கு ஏறும் இரும்புப் படியில் அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறுவது கொஞ்ச நேரம் தெரிந்தது. கதவை இழுத்துச் சாத்திச் சாவியை இரண்டு சுற்றுத் திருப்பினேன்.